ஐபிஎஸ் வயித்துக்கு இயற்கை வழி: பொடி வாங்கறதுக்கு முன்னாடி சமையக்கட்ட ஒருதடவ பாருங்க

ஐபிஎஸ்னு (IBS, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், வயித்து வலியோட பேதியோ மலச்சிக்கலோ படுத்தற குடல் தொந்தரவு) டாக்டர் எழுதி குடுத்த அன்னைக்கு ராத்திரியே நம்மள்ல பாதி பேரு செய்யற வேலை, போனை எடுத்து இதுக்கு இயற்கையா என்ன மருந்து இருக்குன்னு தேடறதுதான். நானும் அதைத்தான் செஞ்சேன். வில்வப் பொடி, மாதுளை ஓடு, கடுக்காய், ஊற வச்ச வெந்தயம், வெறும் வயித்துல சோத்துக்கத்தாழைன்னு ஆறேழு மாசம் ஓடுச்சு. ஒவ்வொண்ணும் நாலு நாளைக்கு கேக்கற மாதிரி இருக்கும், அஞ்சாவது நாள் பழைய குருடி கதவ தொறடின்னு வயிறு கடமுடன்னு ஆரம்பிச்சிடும். ஈரோட்டுல இருந்து கோயம்புத்தூருக்கு வேலை விஷயமா வாரம் ரெண்டு தடவ பஸ்ல போவேன், பெருந்துறைல பஸ் எவ்ளோ நேரம் நிக்கும், அவிநாசில எறங்குனா பாத்ரூம் எங்க இருக்குன்னு மனப்பாடமா தெரியும். இந்த கஷ்டம் இருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

ஒரு டயட்டீஷியன் அக்கா என்கிட்ட மொதல்ல சொன்னது, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி தெனமும் என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்கு, வயிறு எப்படி இருந்துச்சு, எத்தனை தடவ போனே, என்ன பதத்துல போச்சுன்னு எழுது, அவ்ளோதான், வேற எதையும் இப்போதைக்கு மாத்தாதேன்னு. ரெண்டு மாசம் எழுதுனேன். ஒரு நாள் அம்மா பூண்டு உரிச்சுகிட்டே அந்த நோட்ட புரட்டிட்டு இருந்தாங்க, திடீர்னு நிறுத்திட்டு, "ஏங்கண்ணு, அமாவாசைக்கெல்லாம் உனக்கு ஒண்ணுமே பண்ணல போலருக்கு?"ன்னாங்க. வாங்கி பாத்தேன். ரெண்டு அமாவாசைக்கும் வயிறு கட்டத்துல "நல்லா இருக்கு"ன்னு எழுதியிருந்தேன், நடுவுல வந்த விரத சனிக்கிழமைல கூட மூணு அப்படித்தான். எங்க வீட்ல அன்னைக்கெல்லாம் வெங்காயமும் பூண்டும் அடுப்படி பக்கமே வராது. அஞ்சு நாளை வச்சு எதையும் முடிவு கட்டிட முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா எங்க தேடணும்ங்கறது அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ஐபிஎஸ்ங்கறது என்னன்னு கொஞ்சம் பாத்துடுவோம், ஏன்னா இது புரியாம வைத்தியம் பாத்தா கண்ண கட்டி காட்டுல விட்ட மாதிரிதான். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது, ரத்தத்துல ஒண்ணும் தெரியாது, குடலுக்குள்ள கேமரா விட்டு பாத்தாலும் சுத்தமா இருக்கும். அதனால வீட்ல இருக்கறவங்க மட்டும் இல்ல, சில சமயம் நாமளே நம்மள சந்தேகப்படுவோம். ஆனா இதுக்கு உலகம் பூரா டாக்டர்கள் வச்சிருக்கற ஒரு அளவுகோல் இருக்கு, ரோம் 4னு பேரு, 2016ல வந்தது. கடைசி 3 மாசத்துல சராசரியா வாரத்துக்கு ஒரு நாளாவது வயித்து வலி இருக்கணும், அந்த வலி மோஷன் போறதோட சம்பந்தப்பட்டிருக்கணும், இல்ல போற எண்ணிக்கை மாறியிருக்கணும், இல்ல பதம் மாறியிருக்கணும், இந்த மூணுல ரெண்டாவது இருந்து, ஆரம்பிச்சு 6 மாசம் ஆகியிருந்தா ஐபிஎஸ். சில பேருக்கு பேதி ஜாஸ்தி, சில பேருக்கு மலச்சிக்கல் ஜாஸ்தி, என்னை மாதிரி சில பேருக்கு ரெண்டும் மாறி மாறி. பதத்த எழுதறதுக்கு பிரிஸ்டல் சார்ட்னு ஒண்ணு இருக்கு, ஆட்டுப்புழுக்கை மாதிரி இருந்தா 1, தண்ணியா போனா 7, நடுவுல 3ம் 4ம் நல்ல பதம். நோட்டுல வெறும் நம்பர் போட்டா போதும், யாராவது எடுத்து படிச்சாலும் கூச்சம் இல்ல.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன், இதை தயவுசெஞ்சு தாண்டி போயிடாதீங்க. மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையறது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பற அளவுக்கு பேதி, விட்டு விட்டு காய்ச்சல், ரத்தசோகை, 45, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச தொந்தரவு, குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர், இதுல எது இருந்தாலும் இந்த கட்டுரையே உங்களுக்கு இல்ல, மொதல்ல டாக்டர்கிட்ட போங்க. நம்ம ஊர்ல குடல் காசநோய் இன்னமும் இருக்கு, ஜியார்டியா, அமீபா கிருமி தொந்தரவும் இருக்கு, கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோயும் இருக்கு, இது எல்லாமே ஐபிஎஸ் மாதிரியே வேஷம் போடும். சீலியாக்குக்கு ஒரு ரத்த டெஸ்ட், குடல்ல புண்ணு வீக்கம் இருக்கான்னு பாக்க கால்புரொடெக்டின்னு ஒரு மல டெஸ்ட், ரெண்டும் எடுத்து பாத்துட்டா மனசுக்கும் நிம்மதி. சீலியாக் டெஸ்ட்ட கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே எடுக்கணும், நிறுத்திட்டு எடுத்தா தப்பா நார்மல்னு வந்துடும். ஐபிஎஸ் கேன்சரா மாறாது, அந்த பயம் வேணாம்.

சரி, எல்லாம் நார்மல்னா வலி எங்கிருந்து வருது? 1973ல ரிட்சிங்கற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செஞ்சாரு. பெருங்குடல்ல ஒரு சின்ன பலூனை வச்சு 60 மில்லி அளவுக்கு ஊதுனாங்க. தொந்தரவு இல்லாதவங்கள்ல 6 சதவீதம் பேருக்குத்தான் வலிச்சுது, ஐபிஎஸ் இருக்கறவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு வலிச்சுது. பலூன் ஒண்ணுதான், அளவும் ஒண்ணுதான். பின்னாடி இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல எம்ஆர்ஐ எடுத்தும் பாத்தாங்க, சில வகை சர்க்கரைய குடிக்க குடுத்தப்ப ரெண்டு தரப்புக்கும் குடல்ல உருவான வாயு ஏறக்குறைய ஒரே அளவு, ஆனா ஐபிஎஸ்காரங்களுக்குத்தான் வலியும் உப்புசமும் ஜாஸ்தி. அதாவது வாயு உங்களுக்கு மட்டும் வரல, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே அளவு வருது, அவரோட நரம்பு அதை மூளைக்கு சொல்றதில்ல, உங்க நரம்பு அதை சத்தம் போட்டு சொல்லுது. எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ஒரு பெரிய பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு, எல்லாம் உன் மனப்பிராந்தின்னு கேட்டு கேட்டு காது புளிச்சு போயிருந்துச்சு எனக்கு.

நரம்பு ஏன் இப்படி ஆகுதுன்னா பல காரணம் இருக்கு. ஒரு பெரிய வயித்துப்போக்கு வந்து போன பின்னாடி சுமார் பத்துல ஒருத்தருக்கு இது ஆரம்பிக்குது. கனடால வாக்கர்டன்ங்கற சின்ன ஊர்ல 2000 மே மாசம் குடிதண்ணில கிருமி கலந்து 2,300 பேருக்கு மேல படுத்தாங்க, அந்த ஊர் ஜனங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தப்ப, அன்னைக்கு நோய்ல விழுந்தவங்களுக்கு ஐபிஎஸ் கணிசமா கூடியிருந்துச்சு. கல்யாண வீட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு நாள் பேதியாச்சு, அதுல இருந்து வயிறு சரியே இல்லன்னு நம்மாளுங்க சொல்றது வெறும் பேச்சு இல்லன்னு இதுல இருந்து தெரியுது.

இப்ப இயற்கை வழிக்கு வருவோம். ரெண்டு பக்கம் இருந்து வேலை செய்யலாம், குடல இழுத்து நீட்டற விஷயத்த குறைக்கலாம், அந்த நரம்போட சத்தத்த குறைக்கலாம். மூலிகை எல்லாம் இந்த ரெண்டுக்கும் கூட வர்ற துணைதான்ங்கறது என்னோட தீர்மானமான கருத்து.

மொதல் பக்கம், சாப்பாடு. ஆஸ்திரேலியால மெல்போர்ன்ல மோனாஷ் பல்கலைக்கழகத்துல பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்டுன்னு ரெண்டு பேரு 2005ல ஃபாட்மேப்னு ஒரு பேரு வச்சாங்க. சிறுகுடல்ல சரியா உறிஞ்சப்படாத சில சின்ன மாவுச்சத்து, சர்க்கரை வகைங்களுக்கு மொத்தமா வச்ச பேரு அது. இதுங்க போற வழில தண்ணிய இழுத்துக்கும், பெருங்குடலுக்கு போய் சேந்ததும் அங்க இருக்கற பாக்டீரியா இதை புளிக்க வச்சு வாயுவாக்கும். தண்ணியும் வாயுவும் சேந்தா குடல் விரியும், மத்ததெல்லாம் மேல சொன்ன பலூன் கதைதான். 2014ல அதே குழு 30 ஐபிஎஸ்காரங்களுக்கு சாப்பாட்ட அவங்களே சமைச்சு குடுத்து, 21 நாள் ஃபாட்மேப் கம்மியா இருக்கற சாப்பாடு, 21 நாள் வழக்கமான சாப்பாடுன்னு மாத்தி பாத்தாங்க, கம்மியான சாப்பாட்டுல தொந்தரவு ஏறக்குறைய பாதியா குறைஞ்சுது.

ஆனா அதுக்கு அடுத்த வருஷமே ஸ்வீடன்ல 75 பேர வச்சு இன்னொரு ஆய்வு நடந்துச்சு, அதை யாரும் பெருசா பேசறதில்ல. ஒரு பாதிக்கு ஃபாட்மேப் டயட், இன்னொரு பாதிக்கு நம்ம பாட்டிங்க சொல்ற மாதிரி சாதாரண அறிவுரை: நேரத்துக்கு சாப்பிடு, கொஞ்சமா சாப்பிடு, மென்னு சாப்பிடு, எண்ணெய், காரம், காபிய குறை. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய பாதி பேருக்கு குறைஞ்சுது. அதனால எடுத்த எடுப்புல பெரிய டயட்டுக்குள்ள குதிக்காதீங்க. காலைல பட்டினி, மதியம் மூணு மணிக்கு புல் மீல்ஸ், ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா சால்னான்னு இருக்கறவங்களுக்கு அதை சரி பண்ணாலே பாதி கிணறு தாண்டுன மாதிரி. காபியும் டீயும் சேத்து ஒரு நாளைக்கு மூணு கப்புக்குள்ள வச்சுக்கோங்க. காபி உள்ள போன நாலு நிமிஷத்துலயே சில பேருக்கு பெருங்குடல் அசைய ஆரம்பிக்குதுன்னு 1990லயே அளந்து பாத்திருக்காங்க, மலச்சிக்கல்காரருக்கு அது வரம், பேதிக்காரருக்கு அது வினை. ரெண்டு மூணு வாரம் இதை செஞ்சும் பத்தலன்னா அப்ப ஃபாட்மேப்புக்கு போகலாம்.

நெட்ல கெடைக்கற ஃபாட்மேப் லிஸ்ட் எல்லாம் ஆஸ்பராகஸ், ஆர்ட்டிசோக்னு நாம கண்ணால பாக்காத சாமானா இருக்கும். நம்ம சமையக்கட்டுக்கு அதை மாத்துனா கதை சுலபம். அரிசி மேல எந்த குத்தமும் இல்ல, அது நமக்கு பெரிய அதிர்ஷ்டம். கோதுமைலதான் ஃப்ரக்டான்ங்கற ஃபாட்மேப் வகை இருக்கு, அதனால சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா, சேமியா எல்லாம் கொஞ்ச நாள் ஓரமா நிக்கணும். ராத்திரி உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி மூணு சப்பாத்தி சாப்பிட்டுட்டு காலைல வயித்த புடிச்சுகிட்டு உக்காந்தவங்கள்ல நானும் ஒருத்தி. வெங்காயம், பூண்டு ரெண்டும் ஃப்ரக்டானோட கோட்டை, சின்ன வெங்காயமும் அதுல சேத்திதான், உடம்புக்கு குளிர்ச்சின்னு பழைய சோத்தோட பச்சையா கடிச்சுக்கறோமே, பழைய சோறு ஒண்ணும் பண்ணாது, அந்த நாலு வெங்காயம்தான் பண்ணும். பால்ல லாக்டோஸ். காலிபிளவர், காளான்ல மேனிட்டால். தேன், மாம்பழம், தர்பூசணில ஃப்ரக்டோஸ் ஜாஸ்தியா இருக்கு. சுகர்ஃப்ரீ மிட்டாய், பபுள்கம்ல சார்பிட்டால். இதெல்லாமே ஃபாட்மேப் வகைங்கதான். இந்த பக்கம் கத்தரிக்கா, கேரட், வெள்ளரி, தக்காளி, உருளைக்கிழங்கு, பசலைக்கீரை, முட்டை, மீன், கோழி, பப்பாளி, அன்னாசி, ஆரஞ்சு எல்லாம் தாராளமா கைவசம் இருக்கு. வாழைப்பழம் கன்னிப்போயி கருப்பா ஆகறதுக்கு முன்னாடி, கெட்டியா இருக்கும்போதே சாப்பிடுங்க, கனிய கனிய ஃப்ரக்டான் கூடும்.

வெங்காயம் பூண்டு இல்லாம எப்படி சமைக்கறதுன்னு மெல்போர்ன்காரங்களுக்குத்தான் தலவலி, நமக்கு அமாவாசை சமையல், திவச சமையல், கோயில் பிரசாதம்னு அந்த வித்தை தலைமுறை தலைமுறையா வீட்லயே இருக்கு. பெருங்காயம் அங்க வெங்காயத்தோட வேலைய செய்யும். (கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், ஐபிஎஸ்காரருக்கு ஒரு சிட்டிகைல ஒண்ணும் ஆகாது, சீலியாக் இருக்கறவங்க மட்டும் டப்பாவ திருப்பி படிச்சு வாங்கணும்.) வெங்காயத் தாளோட பச்சை பகுதிய பயப்படாம போடலாம், வெள்ளை பகுதி மட்டும் வேணாம்.

பூண்டு வாசனை இல்லாம முடியாதுங்கறவங்களுக்கு ஒரு வழி. ஃப்ரக்டான் தண்ணில கரையும், எண்ணெய்ல கரையாது. அதனால நல்லெண்ணெய்ல நாலு பல்லு பூண்ட தட்டாம முழுசா போட்டு, சின்ன தீயில ஓரம் பொன்னிறமா ஆகற வரைக்கும் விட்டு, கரண்டில ஒவ்வொண்ணா எடுத்து வேற யாருக்காவது குடுத்துட்டு, அந்த எண்ணெய்லயே கடுகு, சீரகம், கறிவேப்பில தாளிச்சு ரசத்துல கொட்டுங்க. வாசனை வீடு பூரா வரும், வயிறு சும்மா இருக்கும். எங்க வீட்ல அம்மாவே மொத நாள் நம்பல, ரசத்த மோந்து பாத்துட்டு பூண்டு போட்டியான்னு என்கிட்டயே கேட்டாங்க. அன்னன்னைக்கு செஞ்சு அன்னைக்கே தீத்துடுங்க, பூண்டு எண்ணெய பாட்டில்ல போட்டு வெளிய வச்சா விஷக்கிருமி வளரும். இதையே திருப்பி பாருங்க, ரசத்துல பூண்ட நசுக்கி போட்டு கொதிக்க வச்சிட்டு, சாப்பிடும்போது பூண்ட மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சா பிரயோஜனமே இல்ல, ஃப்ரக்டான் தண்ணில எறங்கிடுச்சு. சாம்பார்ல வெங்காயத்த ஒதுக்கறதும் அதே கதைதான்.

விரத சமையல்ல நமக்கு மாட்டிக்கற இடம் பருப்பு. துவரை, கடலை, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாத்துலயும் காலக்டோ வகை சர்க்கரை இருக்கு, அதுவும் தண்ணில கரையற ஜாதி. ராத்திரியே ஊற வச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு, நிறைய புதுத் தண்ணில வேக வச்சு அதையும் வடிச்சிட்டா கணிசமா குறையும். பருப்புத் தண்ணில வைக்கற ரசம் நமக்கு ஏன் ஒத்துக்கறதில்லன்னு இப்ப புரியுமே, வடிஞ்ச சர்க்கரை பூரா அதுலதான் இருக்கு. ஒரு வேளைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் வெந்த பருப்பு பல பேருக்கு தாங்கும். இட்லி மாவு புளிக்கும்போது உளுந்துல இருக்கற இந்த சர்க்கரைல ஒரு பங்க கிருமிங்களே தின்னுடுது, நல்லா புளிச்ச மாவு இட்லி எனக்கு என்னைக்குமே தொந்தரவு குடுத்ததில்ல, சட்னில வெங்காயம் இல்லாம இருந்தா.

இது ஆயுசுக்கும் செய்யற டயட் இல்லைங்கறத பெருசா எழுதி செவுத்துல ஒட்டணும். நிறுத்தறது 2ல இருந்து 6 வாரத்துக்குத்தான். அந்த காலத்துல ஒண்ணுமே மாறலன்னா இந்த வழி உங்களுக்கு இல்ல, பழையபடி சாப்பிட ஆரம்பிச்சிடுங்க. குறைஞ்சா ஒவ்வொண்ணா திருப்பி கொண்டு வரணும். வருஷக்கணக்கா அரிசியும் கேரட்டுமா தின்னுட்டு உடம்பு வத்திப்போய் நிக்கறவங்கள பாத்திருக்கேன், மனசு கெடந்து அடிச்சுக்கும். பாக்டீரியாவுக்கும் அந்த ஃபாட்மேப்தான் தீனி, அதை ரொம்ப நாள் பட்டினி போடக்கூடாது. ஏற்கனவே எடை கம்மியா இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, கொழந்தைங்க இதை டயட்டீஷியன் இல்லாம செய்யவே கூடாது.

நார்ச்சத்து பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இங்கதான் நல்ல எண்ணத்துலயே தப்பு நடக்குது. மலச்சிக்கலா, நார்ச்சத்து சாப்பிடுன்னு எல்லாரும் சொல்வாங்க, நாமளும் கோதுமைத் தவிட வாங்கி வந்து அள்ளி போடுவோம். நெதர்லாந்துல 275 ஐபிஎஸ்காரங்கள வச்சு 2009ல வெளிவந்த ஆய்வுல, தெனம் 10 கிராம் இசப்கோல், 10 கிராம் தவிடு, இல்ல வெறும் அரிசி மாவுன்னு 12 வாரம் குடுத்து பாத்தாங்க, இசப்கோல்காரங்களுக்கு குறைஞ்சுது, தவிடு சாப்பிட்டவங்கள்ல நிறைய பேரு தொந்தரவு கூடி பாதிலயே நிறுத்திட்டாங்க. இசப்கோல் உமி தண்ணிய புடிச்சு வழவழன்னு கூழாகும், கெட்டியா இருக்கறத இளக்கும், தண்ணியா இருக்கறத கெட்டியாக்கும், அதனால ரெண்டு பக்கத்துக்கும் ஆகும், மெதுவா புளிக்கறதால வாயுவும் கம்மி. குஜராத்ல ஊஞ்சாங்கற ஊர்தான் இதோட பெரிய சந்தை, நம்ம ஊரு மெடிக்கல்ல எல்லாம் சல்லிசா கெடைக்கும். அரை ஸ்பூன்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு கொஞ்சமா ஏத்துங்க, ஒரு பெரிய டம்ளர் தண்ணில கலக்குன உடனே குடிச்சிடுங்க, கெட்டியாக விட்டு முழுங்குனா தொண்டைல அடைக்கும். வேற மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க.

மூலிகைல எனக்கு நம்பிக்கையா சொல்ல முடிஞ்சது பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்சூல். அதுல இருக்கற மென்தால் குடல் தசைய தளத்தி பிடிப்ப எடுக்குது, அமெரிக்க குடல் டாக்டர்கள் சங்கம் 2021ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே அது இருக்கு. வயித்துல கரையாம குடல்ல போய் கரையற உறை போட்டதா வாங்கணும், கடிச்சா நெஞ்செரிச்சல் வரும், ஏற்கனவே நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு அவ்ளோ சரிப்படாது. நம்ம வீட்டு புதினா பெரும்பாலும் வேற ஜாதி, மென்தால் ரொம்ப கம்மி, அதனால புதினா சட்னில அதே பலன எதிர்பாக்க முடியாது. ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி குடிச்சா எனக்கு இதமாத்தான் இருக்கு, குடிக்கறேன், ஆனா அது ஐபிஎஸ்ஸ குணப்படுத்தும்னு நான் சொல்ல மாட்டேன். வயித்த சுத்தம் பண்ற இயற்கைப் பொடின்னு விக்கறதுல மட்டும் ரொம்ப கவனம். அதுல பல பொடிங்கள்ல உக்காந்திருக்கறது நிலாவரை இலை, அதே சென்னா, திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம் வெளைஞ்சு உலக சந்தைக்கே டின்னவெல்லி சென்னான்னு போறது. குடல நேரடியா தூண்டி விட்டு தள்ள வைக்கற மருந்து அது, என்னைக்காவது ஒரு நாளைக்கு சரி, தெனமும் எடுத்தா முறுக்கிப் புடிக்கற வலிதான் மிச்சம்.

ரெண்டாவது பக்கம், நரம்போட சத்தம். குடல சுத்தி பத்து கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு, மூளைக்கும் அதுக்கும் நடுவுல ஓயாம பேச்சு நடக்குது. பஸ் ஏறுன உடனே வயிறு கலக்குனா, பஸ் ஏறுனதுதான் காரணம், காலைல சாப்பிட்ட தோசை மேல பழி போட வேணாம். எனக்கு அது புரிய ரொம்ப நாளாச்சு, ஏன்னா வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போற அன்னைக்கு வந்த வலி, அதே சாப்பாட்டோட ஞாயித்துக்கிழமை வரலைன்னு நோட்டு சொல்லுச்சு. இதுக்கு மான்செஸ்டர்ல பீட்டர் ஹோர்வெல்ங்கற டாக்டர் 1984லயே 30 பேர வச்சு ஹிப்னோதெரபி செஞ்சு காட்டிட்டாரு, குடல் அமைதியா ஓடற ஆறு மாதிரி போகுதுன்னு கற்பனை பண்ண வச்சு பழக்கறது, மத்த எல்லாம் செஞ்சும் கேக்காதவங்களுக்கே கேட்டுச்சு. நம்ம ஊர்ல அதுக்கு ஆள் கெடைக்கறது கஷ்டம், ஆனா மூச்சுப் பயிற்சி கையிலயே இருக்கு. ஒரு கை நெஞ்சு மேல, ஒரு கை தொப்புள் மேல வச்சு, மேல் கை அசையாம கீழ் கை மட்டும் ஏறி எறங்கற மாதிரி மெதுவா பத்து நிமிஷம். சாயங்காலம் ஆச்சுன்னா வயிறு பானை மாதிரி உப்பறவங்கள ஸ்பெயின்ல ஸ்கேன் பண்ணி பாத்தப்ப பல பேருக்கு உள்ள வாயு பெருசா கூடல, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானங்கற தசைதான் கீழ எறங்கி வயித்த முன்னாடி தள்ளுது, முன் தசை தளந்துடுது. அப்படிப்பட்டவங்களுக்கு இந்த மூச்சு நேரடியாவே உதவும்.

யோகாவும் சும்மா இல்ல. ஜெர்மனில 59 பேர ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் யோகா, ஒரு பக்கம் ஃபாட்மேப் டயட் குடுத்தாங்க, ரெண்டும் ஏறக்குறைய சமமா உதவுச்சு. ஸ்வீடன்ல 102 பேருல ஒரு பாதிய 12 வாரம் உடம்பு அசைய வச்சாங்க, வாரத்துக்கு மூணுல இருந்து அஞ்சு நாள், ஒரு தடவைக்கு 20ல இருந்து 60 நிமிஷம், அசையாதவங்கள விட தொந்தரவு நல்லா குறைஞ்சுது. நான் செய்யறது சாயங்காலம் வ.உ.சி. பார்க்ல நாப்பது நிமிஷ நடை, அவ்ளோதான். மலச்சிக்கல் இருக்கறவங்க வெஸ்டர்ன் டாய்லெட்ல காலுக்கு கீழ ஒரு சின்ன பலகை வச்சு முட்டி ஒசரமா உக்காந்தா நல்லா எளகி போகும், நம்ம பழைய டாய்லெட்ல குந்தி உக்காந்தது அதுக்குத்தான் வசதியா இருந்துச்சு.

இதெல்லாம் செஞ்சும் வலி நாள கெடுக்குதுன்னா மாத்திரை எடுத்துக்கறது தோல்வி இல்லைங்க. இங்கிலாந்துல 463 பேர வச்சு நடந்து 2023ல வெளிவந்த ஆய்வுல, மனச்சோர்வுக்கு குடுக்கற அமிட்ரிப்டிலின் மாத்திரை ரொம்ப கம்மி டோஸ்ல, 10ல இருந்து 30 மில்லிகிராம், நல்லா உதவுச்சு. அது மனநோய்க்கு குடுத்தாங்கன்னு யாரும் நினைச்சு கூச்சப்பட வேணாம், அந்த டோஸ்ல அது குடல் நரம்போட சத்தத்தத்தான் குறைக்குது. டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துக்கோங்க.

மறுபடி நோட்டுக்கு வர்றேன். திருப்பி சேக்கறது எப்படின்னா, ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாமான், மூணு நாள், மொத நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் ஜாஸ்தி, மூணாவது நாள் நாம வழக்கமா சாப்பிடற அளவு, மத்த சாப்பாடு எல்லாம் மாறாம. அப்புறம் ரெண்டு மூணு நாள் சும்மா விட்டுட்டு அடுத்த சாமான். நான் மொதல்ல பால வச்சேன், கால் டம்ளர், அரை, முழுசுன்னு, ஒண்ணும் ஆகல, அத்தனை வருஷம் பால் மேல போட்ட பழி வீண். கோதுமை ஒரு சப்பாத்தி வரைக்கும் சரி, ரெண்டாவது சப்பாத்திக்கு ராத்திரி உப்புசம். பூண்டு ரெண்டாவது நாளே முடியல, அந்த பக்கத்துல எழுத்து கோணல் மாணலா இருக்கு, விடியக்காலம் நாலு மணிக்கு உக்காந்து எழுதுனது. வெங்காயத்த கடைசியா வச்சேன், பயமா இருந்துச்சு. இப்ப சாம்பார்ல வெந்த சின்ன வெங்காயம் மூணு வரைக்கும் தாங்குது, பச்சையா ஒண்ணு கூட ஆகாது. மாம்பழம் ஒரு கதுப்பு, அதுவும் மதிய சாப்பாட்டுக்கு அப்புறம். அம்மா சீசன்ல ஒரு கதுப்ப வெட்டி தட்டுல வச்சிட்டு மிச்சத்த அவங்க எடுத்துக்குவாங்க, கொட்டைய மட்டும் எனக்கு சப்பறதுக்கு குடுப்பாங்க.